ஆறாம் மாதக் கர்ப்பம், கையில் பரஸ்பர விவாகரத்து மனு: கையெழுத்துப் போடலாமா?

வேப்பம்பூ:
எல்லாருக்கும் வணக்கம். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது கேட்க வேண்டிய நிலை.

திருமணமாகி மூன்று வருடம். போன வருடம் பெரிய சண்டை, அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். பெரியவர்கள் பேசித் திரும்ப அனுப்பி வைத்தார்கள். கொஞ்ச காலம் ஒழுங்காகப் போனது. அப்போது உண்டானதுதான் இந்தக் கர்ப்பம். மூன்றாம் மாதத்தில் பழைய கதையே மறுபடி ஆரம்பிக்க, இந்தத் தடவை யாரும் சொல்லாமல் நானே கிளம்பி வந்துவிட்டேன். இப்போது ஆறாம் மாதம். அவருக்கும் சேர்ந்து வாழும் எண்ணம் இல்லை, எனக்கும் இல்லை. அதில் குழப்பமே கிடையாது. ‘இன்னொரு தடவை யோசிம்மா’ என்று சொல்ல வருகிறவர்கள் மன்னிக்கவும்.

அவர்கள் வக்கீல் பரஸ்பர சம்மத மனு தயார் செய்து அனுப்பியிருக்கிறார். அதில் நாலாவது பத்தி இப்படி இருக்கிறது: ‘மனுதாரர்கள் இருவரும் கருத்து வேறுபாடு காரணமாக ஓராண்டுக்கும் மேலாகத் தனித்தனியே வாழ்ந்து வருகின்றனர். இத்திருமணத்தின் மூலம் குழந்தைகள் ஏதும் இல்லை.’ கேட்டால், ‘பிறந்தால்தானே குழந்தை, பிறந்த பிறகு அதைத் தனியாகப் பேசிக்கலாம், இப்போது எழுதினால் ஜட்ஜ் கேள்வி மேல் கேள்வி கேட்பார்’ என்கிறார்கள்.

கர்ப்பமாக இருக்கும்போது விவாகரத்து கிடைக்குமா? இந்தப் பத்தியோடு கையெழுத்துப் போட்டால் பின்னால் ஏதாவது சிக்கல் வருமா?

ஏழாம்_எண்:
கிடைக்காது. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு கோர்ட்டிலேயே சொல்லிவிட்டார்கள், டெலிவரி முடிந்து வாருங்கள் என்று. சட்டமே அப்படித்தான்.

கறுப்புக்கோட்டு:
சட்டம் அப்படி இல்லை சார். இந்து திருமணச் சட்டம், 1955ஐ முதலிலிருந்து கடைசி வரை படித்தாலும், மனைவி கர்ப்பமாக இருந்தால் மனு போடக்கூடாது, தீர்ப்பு தரக்கூடாது என்று ஒரு வரி கிடைக்காது. சிறப்புத் திருமணச் சட்டத்திலும் கிடையாது. சில நீதிபதிகள் பிரசவம் முடியட்டும் என்று வாய்தா தள்ளிப் போடுவது உண்டு. உங்களுக்குத் தெரிந்தவருக்கு நடந்தது அதுவாக இருக்கும். அது அந்த நீதிபதியின் விருப்புரிமை, சட்டத்தின் தடை இல்லை.

வேப்பம்பூ மேடம், முதல் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். இரண்டாவது கேள்விக்கு: அந்த மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள். எல்லாரும் ‘குழந்தைகள் இல்லை’ என்ற வரியைப் பார்த்துப் பதறுவார்கள். அதற்கு முந்தின வரி அதைவிட மோசம்.

இந்து திருமணச் சட்டம் பிரிவு 13பி-யின்படி சேர்ந்து மனு போட வேண்டுமானால், மனு போடும் நாளுக்கு முன் குறைந்தது ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். நீங்கள் வெளியே வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஓராண்டு கணக்குக் காட்டுவதற்காகப் பழைய சண்டையின் தேதியைப் போட்டிருக்கிறார்கள். அதாவது ஓராண்டாகக் கணவரோடு வாழவே இல்லை என்று நீங்களே சத்தியம் செய்து கையெழுத்துப் போடுகிறீர்கள். அதே நாளில் வயிற்றில் ஆறு மாதக் குழந்தை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் என்ன அர்த்தம் வருகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சாட்சியச் சட்டத்தில் பழைய 112ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தில் 116ஆம் பிரிவு. திருமணம் நீடிக்கும்போது பிறந்த குழந்தையும், திருமணம் முறிந்து 280 நாளுக்குள் பிறந்த குழந்தையும் (தாய் அதற்குள் மறுமணம் செய்யாமல் இருந்தால்) அந்தக் கணவரின் குழந்தைதான் என்பதற்கு அந்தப் பிறப்பே முடிவான சான்று. அதை உடைக்கச் சட்டம் தரும் ஒரே வழி, கரு உண்டாகியிருக்கக்கூடிய காலத்தில் இருவருக்கும் இடையே தொடர்புக்கே வாய்ப்பில்லை என்று நிரூபிப்பது. அந்த ஆயுதத்தைத்தான் நாலாவது பத்தி தயார் செய்து உங்கள் கையெழுத்தோடு எதிர்த்தரப்புக்குக் கொடுக்கிறது.

வேப்பம்பூ:
கை நடுங்குகிறது. இப்படி நான் யோசிக்கவே இல்லை. அவர்கள் வக்கீல், தேதியை இப்படிப் போடுவது வழக்கம்தான், எல்லாரும் செய்வதுதான் என்றார்.

நந்தியாவட்டை:
வழக்கம்தான் தோழி, அதில் பொய் இல்லை. குழந்தையில்லாத தம்பதி எட்டு மாதத்தை ஒரு வருடம் என்று எழுதினால் யாரும் கிளறுவதில்லை. நம் விஷயத்தில் தேதியை நம் வயிறே சொல்லிவிடுகிறது.

சட்டப்புழு:
கறுப்புக்கோட்டு அவர்கள் கொஞ்சம் பயமுறுத்துகிறாரோ என்று தோன்றுகிறது. 116ஆம் பிரிவின் அனுமானம் சாதாரணமானதில்லை. தாய் மனுவில் எழுதிய ஒரு வரி குழந்தையின் உரிமையைப் பறித்துவிடாது. அந்த வழக்கில் குழந்தை கட்சிக்காரரே இல்லை. உச்ச நீதிமன்றமும் 1993இலிருந்து, தந்தை யார் என்று பார்க்க ரத்தப் பரிசோதனைக்கு எடுத்த எடுப்பில் உத்தரவிடக்கூடாது என்றுதான் சொல்லி வருகிறது. ஸ்கேன் ரிப்போர்ட், போன் செய்திகள், பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி என்று அந்த வரியை உடைக்க எத்தனையோ வழி இருக்கிறது.

கறுப்புக்கோட்டு:
வழக்கு வந்தால் ஜெயிக்கலாம், சரி. ஆனால் அந்த வழக்கு ஏன் வர வேண்டும்? ஐந்து வருடம் கழித்துப் பள்ளிச் செலவு கேட்டுப் போகும்போது, உங்கள் சொந்தப் பிரமாணப் பத்திரத்தை உங்கள் கையிலேயே கொடுத்து, ‘இது நீங்கள் போட்ட கையெழுத்துதானே’ என்று குறுக்கு விசாரணை செய்வார்கள். கூண்டில் நிற்பது நானோ நீங்களோ இல்லை. இன்னொன்று, அது பொய்ப் பிரமாணம். மாட்டினால் அதற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும்.

பரஸ்பர மனுவில் தீர்ப்பு வரும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1991லேயே சொல்லியிருக்கிறது. நாளை அவர் மனம் மாறி மனுவிலிருந்து விலகிக்கொள்கிறார் என்று வையுங்கள். விவாகரத்தும் கிடைக்காது, அந்தப் பத்தி மட்டும் கோர்ட் கோப்பில் பத்திரமாக இருக்கும்.

சட்டப்புழு:
இதை மறுக்க முடியாது. கையெழுத்து வேண்டாம் என்பதில் நமக்குள் சண்டை இல்லை.

பழைய_தபால்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வயதில் மூத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். குழந்தை முகத்தைப் பார்த்தால் கல்லும் கரையும். கர்ப்ப காலத்தில் எடுக்கும் முடிவெல்லாம் நிதானமான முடிவு இல்லை அம்மா. ஒரு ஆறு மாதம் பொறுத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது?

நந்தியாவட்டை:
ஐயா, கோபப்படாமல் சொல்கிறேன். என்னிடமும் இதைத்தான் சொன்னார்கள், நானும் பொறுத்துப் பார்த்தேன். குழந்தை முகம் பார்த்து அவர் கரைந்தது உண்மை. குழந்தை ராத்திரி அழ ஆரம்பித்ததும் மறுபடி கெட்டியாகிவிட்டார். அடி உதை இருக்கிற வீட்டில் கர்ப்ப காலத்திலும் அது நிற்பதில்லை, சில வீடுகளில் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. வேப்பம்பூ வீட்டில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

நான் கோர்ட் வாசல் மிதித்தது எட்டாம் மாதத்தில். பத்தரைக்கு வரச் சொன்னார்கள். வராந்தாவில் ஒரே பெஞ்ச், அதிலும் ஒரு கால் ஆடும். எழுந்து போனால் இடம் போய்விடும், போகாமலும் இருக்க முடியாது, எட்டாம் மாதத்தில் எத்தனை தடவை போக வேண்டியிருக்கும் என்று பெண்களுக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால்தான் டவாலி பெயரைக் கூப்பிட்டார். நீதிபதி ஃபைலைத் திறப்பதற்கு முன் என்னைப் பார்த்துவிட்டு, ‘எப்போம்மா தேதி?’ என்றார். வழக்கு வாய்தாவைக் கேட்கிறார் என்று நினைத்து என் வக்கீல் போன வாய்தாத் தேதியைச் சொல்ல, அவர், ‘உங்களைக் கேட்கலைங்க’ என்றார். அத்தனை கவலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த வாய்தா பிரசவத்துக்கு அப்புறம்தான்.

தனியாக மனு போட்டுக் காணொலி வழியாக ஆஜராக அனுமதி கேட்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது. வேப்பம்பூ, போக வேண்டி வந்தால் இதை முதல் நாளே கேளுங்கள்.

வேப்பம்பூ:
ஐயாவுக்குப் பதில் சொல்லியதற்கு நன்றி அக்கா. அடி இல்லை. மற்றதெல்லாம் உண்டு.

அப்படியென்றால் நான் இப்போது என்னதான் செய்வது? குழந்தை பிறக்கும் முன் முடிக்க வேண்டும் என்று அவர்கள் அவசரப்படுத்துகிறார்கள்.

கறுப்புக்கோட்டு:
கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்த அவசரத்துக்கே அர்த்தமில்லை என்று தெரியும். உண்மையான தேதியைப் போட்டால் ஓராண்டு முடிய இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது. அப்போது உங்கள் குழந்தைக்கு ஏறக்குறைய ஆறு மாதம் ஆகியிருக்கும். மனு போட்ட பிறகும் இரண்டாவது தடவை வந்து சம்மதம் சொல்ல ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், பதினெட்டு மாதத்துக்குள் வர வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. ஆனால் மனுவுக்கு முந்தைய ஓராண்டும் இந்த ஆறு மாதமும் சேர்ந்த ஒன்றரை ஆண்டுப் பிரிவு ஏற்கெனவே முடிந்திருக்க வேண்டும், ஜீவனாம்சம், குழந்தை யாரிடம் என்பதெல்லாம் பேசித் தீர்ந்திருக்க வேண்டும். உங்களுக்குப் பொருந்தாது. 2023 மே மாதத் தீர்ப்பைச் சொல்லி, திருமணம் சீர்செய்ய முடியாதபடி முறிந்துவிட்டது என்று நேரடியாக வாங்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அது அரசியல் சாசனப் பிரிவு 142இன் கீழ் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் உள்ள அதிகாரம், குடும்பநல நீதிமன்றத்துக்கு இல்லை.

ஆக, பரஸ்பர சம்மதம் என்றால் எப்படிப் பார்த்தாலும் குழந்தை பிறந்த பிறகுதான். அவர்கள் பிறப்பதற்கு முன் முடிக்கத் துடிப்பது ஏன் என்பதை மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்.

காத்திருக்க முடியாது, இப்போதே ஆரம்பிக்க வேண்டும் என்றால் பிரிவு 13இல் கொடுமை என்ற காரணத்தில் நீங்கள் தனியாக மனு போடலாம். திருமணமாகி ஓராண்டு ஆகாதவர்களுக்குத்தான் பிரிவு 14 குறுக்கே நிற்கும், உங்களுக்கு மூன்று வருடம் ஆகிவிட்டது. மனைவி தான் இப்போது வசிக்கும் ஊர் நீதிமன்றத்திலேயே போடலாம், அவர்கள் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் எதிர்த்து நடத்தும் வழக்கு, வருடக் கணக்கில் இழுக்கும்.

நான் உங்கள் வக்கீலாக இருந்தால் இப்போதைக்கு விவாகரத்தை ஓரமாக வைத்துவிட்டு, பிரசவச் செலவையும் மாதச் செலவையும் கேட்டு முதலில் மனு போடுவேன். அதற்கு விவாகரத்து வழக்கே தேவையில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125ஆம் பிரிவு, இப்போது அதன் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு. அல்லது 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம். அதில் வன்முறை என்றால் அடி மட்டும் இல்லை, வார்த்தையும் மன உளைச்சலும் பண நெருக்கடியும் சேரும். மருத்துவச் செலவு கேட்கலாம், குடியிருக்கும் உரிமையும் கேட்கலாம். ஜீவனாம்சத்தை மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிட வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதனால் பிரசவம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள்.

அலைவரிசை:
யாரும் சொல்லாத ஒன்று. பிரசவத்துக்கு எந்த இன்சூரன்ஸ்? கணவரின் ஆபீஸ் குரூப் பாலிசி என்றால், தீர்ப்பு வந்த நாளிலிருந்து நீங்கள் அதில் ‘மனைவி’ இல்லை. சட்டப்படி பிரிந்து இருப்பதும் விவாகரத்தும் இன்சூரன்ஸுக்கு ஒன்றில்லை. நான் ஒரு கம்பெனியில் இந்தப் பாலிசி வேலைதான் பார்க்கிறேன். பெயரை எடுக்கச் சொல்லி வரும் மெயில்களில் சில தீர்ப்புக்கு முன்பே வந்துவிடும். உங்கள் பெயர் இன்னும் இருக்கிறதா என்று இப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். நீங்கள் வேலைக்குப் போகிறவர் என்றால் 26 வார மகப்பேறு விடுப்புக்குத் திருமண நிலை ஒரு பொருட்டே இல்லை. அதை யாரும் கேட்கவும் கூடாது.

கடல்தாண்டி:
அமெரிக்காவில் இருக்கிறேன். இங்கே மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மிசௌரியில் மனைவி கர்ப்பமா இல்லையா என்று மனுவிலேயே எழுத வேண்டும். கர்ப்பம் என்றால் குழந்தை பிறக்கும்வரை நீதிபதிகள் பொதுவாகத் தீர்ப்பை முடிக்காமல் வைத்திருந்தது 2024இல் பெரிய செய்தியாகி ஒரே களேபரம். பிறக்காத குழந்தைக்குப் பராமரிப்பு உத்தரவு போட முடியாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். அடிக்கும் கணவனிடமிருந்து தப்பிக்கப் பார்ப்பவள் அதுவரை என்ன செய்வாள் என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. ஏழாம்_எண் கேள்விப்பட்டது ஒருவேளை இதுவாக இருக்குமோ?

ஏழாம்_எண்:
இல்லை சார், நான் சொன்னது நம் ஊர் ஆள்தான். ஆனால் ஜட்ஜ் வாய்தா போட்டதைத்தான் சட்டம் என்று நினைத்துக்கொண்டோம் போல.

சட்டப்புழு:
உலகத்தில் இதற்கு இரண்டு விதமான யோசனை இருக்கிறது. சீனாவின் சிவில் சட்டத் தொகுப்பில் 1082ஆம் பிரிவு: மனைவி கர்ப்பமாக இருக்கும்போதும், பிரசவமாகி ஒரு வருடத்துக்குள்ளும், கர்ப்பம் கலைந்து ஆறு மாதத்துக்குள்ளும் கணவன் விவாகரத்துக் கேட்க முடியாது. மனைவி கேட்கலாம். ரஷ்யாவிலும் குடும்பச் சட்டத்தின் 17ஆம் பிரிவில், மனைவி சம்மதிக்காமல் அந்தக் காலத்தில் கணவன் வழக்குப் போட முடியாது. வியட்நாமிலும் இதே மாதிரிதான். இங்கிலாந்தில் 2022 ஏப்ரலிலிருந்து யார் மீதும் குற்றம் சொல்லாமலே விவாகரத்துக் கேட்கலாம், கர்ப்பம் அதற்குத் தடையே இல்லை.

பெண்ணுக்குக் கதவைத் திறந்துவைத்து ஆணுக்கு மட்டும் கொஞ்ச காலம் பூட்டுகிற சீன விதி, மிசௌரி நடைமுறையைவிட எனக்கு ஞாயமாகப் படுகிறது. இருவருக்கும் பூட்டினால் நஷ்டப்படுவது யார் என்று தெரிந்ததுதானே.

தெற்குக்காற்று:
சரி, அந்த ‘ஆண்’ பேசுகிறேன், கல்லெறியத் தயாராக இருங்கள். என் மனைவி நாலு மாதம். நான்தான் விவாகரத்து மனு போட்டிருக்கிறேன். வீட்டில், ஆபீஸில், எல்லாருக்கும் நான் வில்லன். கர்ப்பம் தெரிவதற்கு முன்பே போட்ட மனு அது என்று சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை. கேட்க வந்தது வேறு. குழந்தை என்னுடையதுதானா என்று சந்தேகம். பிறக்கும் முன்பே டிஎன்ஏ பார்க்க முடியுமா?

கறுப்புக்கோட்டு:
கல்லெறிய யாருக்கும் உரிமை இல்லை தம்பி. உங்கள் மனு சட்டப்படி செல்லும்.

டிஎன்ஏ விஷயம் வேறு. பிறக்கும் முன் செய்யும் பரிசோதனைகளை, கருவில் இருக்கும் குறிப்பிட்ட குறைபாடுகளைக் கண்டறிய மட்டுமே நம் சட்டம் அனுமதிக்கிறது. தந்தை யார் என்று பார்ப்பது அந்தப் பட்டியலில் இல்லை. பிறந்த பிறகும் கோர்ட் லேசில் உத்தரவு போடாது. மனைவியின் தகாத உறவை நிரூபிக்கக் குழந்தையின் டிஎன்ஏவைக் குறுக்கு வழியாகப் பயன்படுத்தக்கூடாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தக் காலத்தில் நீங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்தீர்களா? இருந்தீர்கள் என்றால் வழக்கு அங்கேயே பெரும்பாலும் முடிந்தது. நீங்கள் அப்போது மாதக் கணக்கில் வெளிநாட்டில் இருந்தீர்கள் என்று பாஸ்போர்ட் முத்திரை காட்ட முடிந்தால் கதை வேறு.

திருமணத்தன்றே வேறொருவரால் கர்ப்பமாக இருந்தார் என்பது வேறு விஷயம், அதற்கு பிரிவு 12இல் திருமணத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். திருமணமான ஓராண்டுக்குள் கேட்க வேண்டும், தெரிந்த பிறகு சேர்ந்து வாழ்ந்திருக்கக்கூடாது.

தெற்குக்காற்று:
ஒரே வீட்டில்தான் இருந்தோம். சந்தேகத்துக்குக் காரணம் என்று கையில் காட்ட ஒன்றும் இல்லை, உண்மையைச் சொன்னால்.

நந்தியாவட்டை:
அப்படியானால் அந்த வார்த்தையை மனுவில் ஏற்றுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். ஆதாரமில்லாமல் நடத்தையைப் பழித்து எழுதுவதே கொடுமை என்று உங்கள் மனைவி பக்கம் வாதமாக வந்து நிற்கும். அது போகட்டும், அந்தத் தாளை ஒரு நாள் உங்கள் பிள்ளை படிக்கும்.

பெயர்_வேண்டாம்:
இங்கே கேட்கலாமா தெரியவில்லை. எனக்கு இருபது வாரம் தாண்டிவிட்டது. கணவர் விட்டுவிட்டுப் போய்விட்டார். என்னால் தனியாக இதைத் தொடர முடியாது. விவாகரத்து ஆகாமல் ஆஸ்பத்திரியில் எதுவும் செய்ய மாட்டார்கள், அவர் கையெழுத்து வேண்டும் என்று ஒருவர் சொன்னார்.

சட்டப்புழு:
தாராளமாகக் கேட்கலாம். வயது வந்த பெண்ணுக்குத் தன் சம்மதம் மட்டும் போதும், கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்பதே இல்லை. 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தில் 2021இல் கொண்டுவந்த திருத்தப்படி, 20 வாரம் தாண்டி 24 வாரம் வரை குறிப்பிட்ட சில நிலைகளில் இருக்கும் பெண்களுக்கு இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு செய்யலாம். கர்ப்ப காலத்தில் திருமண நிலை மாறுவது, அதாவது கணவர் இறப்பதோ விவாகரத்தோ, அதில் ஒன்று. தீர்ப்புத் தாள் கையில் இல்லாமல் பிரிந்திருக்கும் பெண்ணுக்கும் இது பொருந்தும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொல்லியிருக்கிறது. அதே வருடம் செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் திருமணமாகாத பெண்களுக்கும் இந்த 24 வாரம் உண்டு என்றது. நாள் ஒவ்வொன்றும் முக்கியம், கோர்ட்டுக்குக் காத்திருக்காமல் இன்றே ஒரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். ஒரு இடத்தில் மறுத்தால் இன்னொரு இடம், அரசு மருத்துவமனை உட்பட.

நந்தியாவட்டை:
பெயர்_வேண்டாம், தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். பாருங்கள்.

நிலாமுற்றம்:
எங்கள் முஸ்லிம் சட்டத்தில் கர்ப்பிணிக்கு இத்தா, அதாவது விவாகரத்துக்குப் பின் மறுமணம் செய்யாமல் காத்திருக்கும் காலம், குழந்தை பிறக்கும்வரை. விவாகரத்தான முஸ்லிம் பெண்களுக்கான 1986ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. குழந்தை பிறந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அதன் பராமரிப்புக்கும் முன்னாள் கணவர் கொடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு உதவுமா தெரியவில்லை, படிக்கிறவர்களில் யாருக்காவது பயன்படும் என்று சொல்கிறேன்.

கறுப்புக்கோட்டு:
அதோடு, முஸ்லிம் பெண்களும் 125ஆம் பிரிவில் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதி செய்திருக்கிறது.

வேப்பம்பூ:
இரண்டு நாள் கழித்து வருகிறேன். அந்த மனுவில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முதலில் சத்தம், அப்புறம் அவரே தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். குழந்தையை மறுக்கும் எண்ணம் தனக்கு இல்லை, வக்கீல் எழுதியதைத் தான் படிக்கவே இல்லை என்கிறார். நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். ஓராண்டு முடியட்டும், அதுவரை ஒரு ஒப்பந்தமாவது எழுதிக்கொள்வோம் என்று இருவரும் ஒத்துக்கொண்டிருக்கிறோம். அதில் என்ன எழுத வேண்டும்?

நந்தியாவட்டை:
என்னுடையதில் இருந்த முதல் பத்தியை அப்படியே தருகிறேன், பெயரையும் தேதியையும் எடுத்துவிட்டு: ‘இரண்டாம் தரப்பினர் தற்போது கர்ப்பமாக உள்ளார். இக்கருவின் தந்தை தாமே என்பதை முதல் தரப்பினர் எவ்வித நிபந்தனையுமின்றி ஒப்புக்கொள்கிறார். தரப்பினர் இருவரும் கடைசியாகக் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்த நாள்...’ என்று போகும். அந்தக் கடைசி நாள் ரொம்ப முக்கியம். உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு அது ஒத்துப்போக வேண்டும். முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன்தான் கரு உண்டான காலத்தைச் சரியாகக் காட்டும், அதன் அசலைத் தொலைத்துவிடாதீர்கள்.

பிறகு பிரசவச் செலவு. சுகப்பிரசவத்துக்கு இவ்வளவு என்று தொகை எழுதாதீர்கள், ‘ஆஸ்பத்திரி பில்படி, குழந்தைக்குத் தனி வார்டு தேவைப்பட்டால் அதுவும் உட்பட’ என்று எழுதுங்கள். என் குழந்தை குறை மாதம். அந்த ஒரு சொற்றொடர் இல்லாமல் இருந்திருந்தால் நான் எங்கே போயிருப்பேனோ.

கறுப்புக்கோட்டு:
நல்ல பத்தி. இரண்டு எச்சரிக்கை. ‘மனைவி இனி குழந்தைக்காக எதுவும் கேட்க மாட்டார்’ என்று ஒரு வரியை எங்காவது நுழைப்பார்கள். ஜீவனாம்சத்தை உங்களுக்காக நீங்கள் விட்டுக்கொடுக்கலாம், குழந்தையின் உரிமையை விட்டுக்கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. அப்படி எழுதியிருந்தாலும் குழந்தையைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் அந்த வரியை அடித்து நீக்கச் சொல்லுங்கள். சொத்தும் அப்படித்தான், வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு வாரிசுரிமை உண்டு என்று 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது.

குழந்தை யாரிடம் என்பதை இப்போதே முழுக்க எழுதி முடித்துவிட முடியாது. ஐந்து வயது வரை சாதாரணமாகத் தாயிடம்தான். அவர் வந்து பார்ப்பதை மட்டும் இப்போதைக்கு எழுதிவிட்டு, பால் குடிக்கும் வயதுக்கு ஒரு மாதிரி, பிறகு ஒரு மாதிரி என்று மாற்ற இடம் விடுங்கள். முதல் ஆறு மாதம் வெளியே அழைத்துப் போவதில்லை, உங்கள் வீட்டிலோ பொதுவான இடத்திலோ வந்து பார்ப்பது என்றால் அவருக்கும் மறுக்கக் காரணம் இருக்காது. பின்னால் கோர்ட் இதையெல்லாம் இந்து திருமணச் சட்டம் பிரிவு 26இல் மாற்றலாம், அது தெரிந்தே எழுதுங்கள்.

பழைய_தபால்:
பார்க்க வர ஒத்துக்கொண்டாரே, அதுவே பெரிது. நல்லபடியாகப் பிரசவம் ஆகட்டும் அம்மா.

வேப்பம்பூ:
நன்றி ஐயா. எல்லாருக்குமே நன்றி. கடைசியாக ஒன்று: பிரசவத்தின்போது ஆபரேஷன் என்றால் அவர் கையெழுத்து வேண்டுமா? பிறப்புச் சான்றிதழில் அவர் பெயர் போடாமல் விட்டுவிடலாம் என்கிறாள் என் தங்கை, அதுவும் சரியா?

கறுப்புக்கோட்டு:
நீங்கள் சுயநினைவோடு இருக்கும்வரை உங்கள் கையெழுத்துதான் சம்மதம். ஆஸ்பத்திரிகள் பழக்கத்தில் கணவரைத் தேடும், உங்கள் அம்மாவோ தங்கையோ உடன் இருப்பவர் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பெயரை விடாதீர்கள். அப்பா பெயர் இல்லாமல் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் வாங்க இன்றைக்கு வழி இருக்கிறது, அது தேவைப்படுகிறவர்களுக்காக. உங்களுக்கு அந்தத் தேவை இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், குழந்தைக்குப் பெயர் வைக்காவிட்டாலும் பதியலாம். ஆஸ்பத்திரியில் சேரும்போது எழுதிக் கொடுப்பதைத்தான் பெரும்பாலும் அப்படியே பதிவுக்கு அனுப்புவார்கள். அதனால் அட்மிஷன் படிவத்தில் கணவர் பெயரை உங்கள் திருமணச் சான்றிதழில் இருக்கும் அதே எழுத்தில், அதே இனிஷியலோடு எழுதச் சொல்லுங்கள். நீங்கள் வலியில் இருப்பீர்கள், தங்கையிடம் ஒரு நகல் கொடுத்து வையுங்கள்.